பொருந்திய கை

சங்குமுனையில் தேர்தல் முடிந்து, முடிவுகள் வந்து, வெடித்த பட்டாசின் காகிதக் குப்பை காற்றோடு கடலுக்குப் போன பிறகு, ஊர்க்காரர்கள் வழக்கம்போல வரிசையில் நின்று, ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த தங்கள் துப்பாக்கிகளைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் வைத்துவிட வேண்டும், முடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். இருபத்தேழு துப்பாக்கிகளும் ஒரே இரும்புப் பெட்டியில், கழுத்தில் அட்டை கட்டிக்கொண்டு, இரண்டரை மாதம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்திருந்தன. வெளியே வந்தபோது அவற்றின் பிடிகள் மாறியிருந்தன.

குழல் அதே குழல்தான், நம்பரும் அதே நம்பர்தான், பிடி மட்டும் வேறு யாருடைய கைக்கோ வார்த்தது போலப் பள்ளமும் மேடுமாக உருமாறிப்போயிருந்தது. உரிமைக்காரர் பிடித்தால் ஈரச் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. உப்பளக்காரர் பால்துரை தன் ரிவால்வரை மூன்று தடவை காலில் போட்டுக்கொண்டு, நான்காவது தடவை வேட்டி மடிப்பில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஸ்டேஷன் எழுத்தர் யோசித்துப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் இருபத்தேழு பேருக்கும் நேராக 'பிடி மாற்றம்' என்று சிவப்பு மையில் எழுதினார். மேலிடத்திலிருந்து அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தையல் மெஷினும் துப்பாக்கியும் பழுது பார்க்கிற இஞ்ஞாசிதான் ஊருக்கு வழி சொன்னவர். "பிடி மாறிட்டுன்னா அழக்கூடாது. அது கேக்கிற கை இந்த ஊர்லதான் எங்கயாவது கிடக்கும், கண்டுபிடிக்கணும்" என்றார். பொருத்தம் பார்க்க நாலு அடையாளமும் சொல்லிக்கொடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற கவையில் பிடியின் முதுகு இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும், ஒரு தாள்கூட நுழையக் கூடாது. மணிக்கட்டைத் திருப்பாமல், எக்காமல், ஆள்காட்டி விரலின் நுனிச்சதை தானாக விசையில் போய்ப் படிய வேண்டும். மற்ற மூன்று விரலும் பிடியைச் சுற்றி வளைந்து உட்கார வேண்டும், சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கக் கூடாது. கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிவிட்டுத் திறந்தால், குழலின் முனையிலிருக்கும் குறிமுள், கண்ணுக்குப் பக்கமாக இருக்கும் பின்பள்ளத்துக்குள் நேராக வந்து நிற்க வேண்டும்.

இந்த நாலையும் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. சரியான கை பட்டதும் கண் தானாக மூடிக்கொண்டது, கை தானாக நீண்டது, வாயிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. நாள் முழுக்கக் காலைக் கடித்த செருப்பைக் கழற்றிப் போட்டவனுக்கு வருகிற பெருமூச்சு. அதை யாராலும் அடக்க முடியவில்லை.

இப்படியாகச் சங்குமுனையில் ஒரு பழக்கம் உண்டாயிற்று. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, காப்பி குடித்து முடித்ததும் துப்பாக்கியை நீட்டினார்கள். குண்டுகளை ஸ்டேஷனிலேயே தனி உறையில் போட்டு அரக்கு வைத்துக் கொடுத்திருந்ததால் யாரும் பயப்படவில்லை. தபால்காரர் ஒரே நாளில் ஒன்பது துப்பாக்கிகளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பொருந்தாததில் கொஞ்சம் மனவருத்தப்பட்டார். பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளைகூடப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பஜ்ஜியில் கைவைத்தான்.

முதல் பொருத்தம் ஓய்வுபெற்ற கஸ்டம்ஸ் அதிகாரி கஸ்பாரின் வீட்டிலேயே அமைந்தது. அவர் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போக, சோறு வடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி எமல்டா அதை நகர்த்தி வைக்கப் போனாள். பெருமூச்சு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. இரண்டாவது, பால்துரையின் ரிவால்வர் அவருடைய தம்பியின் கையில் உட்கார்ந்தது. மூன்றாவது, ரைஸ்மில்காரரின் பிஸ்டல், அவர் வேலையைவிட்டு நிறுத்திய டிரைவரின் கையில். அப்போதுதான் தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்களுக்கு விஷயம் புரிந்தது. ஒவ்வொரு துப்பாக்கியும், அதை வாங்கியவன் யாருக்குப் பயந்து வாங்கினானோ அந்த ஆளின் கையைத்தான் கேட்கிறது.

"அப்போ உம்ம வீட்டுக்காரரு உமக்குப் பயந்தா துப்பாக்கி வாங்குனாரு?" என்று எமல்டாவைக் கேட்டார்கள்.

"முப்பத்தொரு வருசமா எனக்குத் தெரியாமப் போச்சே, பாவி மனுசன்" என்று எமல்டா சிரித்தாள். அன்றிலிருந்து கஸ்பார் சாப்பிட்ட தட்டை அவரே கழுவினார். பால்துரை தன் தம்பியோடு பதினாலு வருஷத்துக்குப் பிறகு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், வேறு என்ன செய்வது, ஊருக்கே தெரிந்துவிட்ட பயத்தை வைத்துக்கொண்டு ஒருவன் எத்தனை நாள் முறைத்துக்கொண்டு திரிய முடியும். சிலர் தங்கள் துப்பாக்கியை யாருக்கும் நீட்டாமல் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ஊர் அவர்களையும் ஒன்றும் சொல்லவில்லை.

இருபத்தேழில் ஒன்று மட்டும் வாங்க ஆளில்லாமல் பெட்டியிலேயே கிடந்தது. ரெமியின் பிஸ்டல்.

ரெமிஜியுஸ் ஐஸ் பிளான்ட் வைத்திருந்தான். தேர்தல் அறிவித்தபோது அந்தப் பிஸ்டலை வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எதற்கு என்று மனைவி ஃபிலோமி கேட்டதற்கு, "காலம் நல்லாயில்ல" என்று மட்டும் சொன்னான். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன், தேர்தல் அறிவித்த மறுநாளே முதல் ஆளாகப் போய் ஒப்படைத்துவிட்டு வந்தான். நாலாவது நாள் உப்பளத்து வாய்க்காலில் குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தான். பிளான்டில் வேலை செய்த டார்வினுக்கும் அவனுக்கும் அதற்கு முந்தின வாரம்தான் வாய்ச்சண்டை நடந்திருந்தது. டார்வினைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஃபிலோமியின் இடுப்பில் அப்போது எட்டு மாதக் குழந்தை, நான்சி.

லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றி, அந்தப் பிஸ்டலை ஃபிலோமி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஆறு மாதம் கடந்திருந்தது. டார்வினின் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று பயந்து பயந்து, கதவுச் சத்தம் கேட்டாலே குழந்தையை அள்ளிக்கொண்டு குளியலறைக்குள் ஓடிக்கொண்டிருந்தவள், தன் கைக்கு ஏற்ற ஒரு பிஸ்டலைத்தான் முதலில் கேட்டுப் போயிருந்தாள். இஞ்ஞாசி கடையில் இருந்த ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஒன்றின் பிடி தடித்திருந்தது, விரல்கள் சுற்றி வரவில்லை. இன்னொன்றுக்கு விசை எட்டவில்லை. ஒன்று ஓரளவு சரியாக இருந்தது, ஆனால் சுண்டுவிரல் தொங்கியது.

"சின்னக் கை உமக்கு. கான்வென்ட்ல பேனா பிடிச்ச கை" என்றார் இஞ்ஞாசி. "வீட்டுக்காரர் பிஸ்டல் இருக்குல்லா, அதை வாங்கிப் பிடிச்சிப் பாரும்."

ஃபிலோமி வாங்கினாள், ஆனால் பிடித்துப் பார்க்கவில்லை. அந்த இடைவெளியில் அவளுக்கு எமல்டா கதை காதில் விழுந்துவிட்டிருந்தது. பொருந்திவிட்டால்? ரெமி பயந்தது தனக்குத்தான் என்று ஆகிவிட்டால்? பதினோரு நாள் அந்தப் பிஸ்டலைக் குழந்தையின் பூப்போட்ட டவலில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் மத்தியானம், குழந்தை தூங்கும்போது, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எடுத்துப் பிடித்தாள். அது வழுக்கிக்கொண்டு அரிசிக்குள் விழுந்தது. அரிசியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், கல்யாணமான அன்றைக்குக்கூட அவ்வளவு நிம்மதியாக அவள் இருந்ததில்லை.

அதன்பிறகு ஊர் வந்து பிடித்துப் பார்த்தது. மீன் ஏலம் விடுகிறவர், கோயில் மணியடிக்கிறவர், ரெமியின் பழைய கூட்டாளிகள், எல்லார் கையிலிருந்தும் வழுக்கியது. வீட்டிலேயே இருந்த ஒரு கைதான் பாக்கி. ரெமியின் தம்பி கிளமென்ட்.

அண்ணன் போனதிலிருந்து பிளான்டைக் கவனிப்பதும், குழந்தைக்குப் பால்பவுடர் வாங்கி வருவதும், தடுப்பூசிக்கு ஆட்டோ பிடித்து வருவதும் கிளமென்ட்தான். ஃபிலோமி பிஸ்டலை நீட்டியபோது அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "மதினி, அண்ணனுக்கு வருசப் பூசை முடியிறவரைக்கும் அவன் தொட்ட பொருள் எதையும் நான் தொடமாட்டேம்னு மாதாவுக்கு நேர்ந்திருக்கேன். அவன் சட்டையைக்கூடத் தொடல, பாத்தீங்கள்ல?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. ஊரே அதைக் கேட்டு உச்சுக்கொட்டியது. இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும் என்றார்கள்.

ரெமிக்கும் கிளமென்டுக்கும் தாய்மாமனான சலேத்து ஒரு படி மேலே போனார். "சின்ன வயசு. கைப்பிள்ளைக்காரி. வருசப் பூசை முடிஞ்ச மறுநாள் ஞாயித்துக்கிழமை, கோயில்ல முதல் கல்யாண ஓலையை வாசிக்கச் சொல்லியிருவோம். மூணு வாரம் ஓலை வாசிச்சி, நாலாவது வாரம் கிளமென்டுக்கே கட்டி வச்சிருவோம். பிள்ளைக்கும் சித்தப்பன்தானே அப்பன்" என்றார். மறுத்துச் சொல்ல ஃபிலோமியிடம் என்ன இருந்தது? நல்லவன் இல்லை என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. ரெமி கடைசி ஒரு மாதம் சாப்பாட்டு மேசையில் தன் வழக்கமான நாற்காலியை விட்டுவிட்டு, சுவரில் முதுகு படும்படி மாறி உட்கார்ந்தது மட்டும் அவளுக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது. ஃபேன் காற்றுக்காக என்று அவள் அப்போது நினைத்திருந்தாள்.

வருசப் பூசைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு காலையில், டார்வினின் அம்மா செபத்தி வாசலில் வந்து நின்றாள். ஃபிலோமி குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"பயப்படாதம்மா. நான் உள்ள வரல" என்றாள் செபத்தி. முந்தானை முடிச்சிலிருந்து நாலாக மடித்த ஒரு நோட்டுத் தாளை எடுத்து நீட்டினாள். அதில் ஒரு கை இருந்தது. சிறையில் பார்க்கப்போன அன்று, மகனின் வலதுகையைத் தாளில் வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்துகொண்டு வந்திருந்தாள். "என் பிள்ளையைக் கூட்டிட்டு வந்து உங்க வீட்டுத் துப்பாக்கியப் பிடிக்க வைக்க எனக்கு வழியில்ல. இது அவன் கை. பொருந்திச்சின்னா நானே அவன் முகத்துல முழிக்க மாட்டேன். அளந்து பாரும்மா."

ஃபிலோமி கான்வென்டில் படித்தவள், அங்கே தையல் வகுப்பில் சிஸ்டர் அவளுக்கு நாடா இல்லாமல் நூலால் அளக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். தாளைக் கத்தரித்து, பிடியைச் சுற்றி மடித்துப் பார்த்தாள். டார்வினின் உள்ளங்கை அகலம், விரல்கள் கட்டை. பிடியின் பள்ளங்கள் நீண்ட, மெலிந்த விரல்களுக்கானவை. தாளின் விரல்கள் பள்ளத்தில் விழாமல் மேட்டில் ஏறி நின்றன. அதைவிட, அடியிலிருந்த சுண்டுவிரல் பள்ளம் நேராக இல்லை, வெளிப்பக்கமாகச் சாய்ந்து ஓடியது. எப்போதோ ஒடிந்து கோணலாகச் சேர்ந்த விரலுக்கு மட்டும்தான் அப்படி ஒரு பள்ளம் வேண்டும்.

"பொருந்தல" என்றாள்.

செபத்தி சந்தோஷப்படவில்லை. கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். "அப்போ யாரு கையோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, தாளை வாங்கி முடிச்சில் வைத்துக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானம் கிளமென்ட் சாப்பிட உட்கார்ந்தான். மீன்குழம்பை ஊற்றிய ஃபிலோமி, ஒரு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும், அவன் கையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். நீளமான விரல்கள். முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைக்கும்போது சுண்டுவிரல் மற்றதோடு சேராமல் வெளியே விலகி நின்றது. பள்ளிக்கூட ஃபுட்பால் டீமில் கோல் கீப்பராக நின்றபோது ஒடிந்தது என்று ரெமி எப்போதோ சொல்லியிருந்தான்.

"என்ன மதினி, குழம்பு ஊத்துறதையே மறந்துட்டீங்க?"

"முள்ளு இருக்குமேன்னு பாத்தேன்" என்றாள்.

கோணல் விரல் ஊரில் இரண்டு பேருக்கு இருக்கலாம், நாலு பேருக்கு இருக்கலாம். சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஓலை வாசிப்பதை நிறுத்த முடியாது, ஸ்டேஷனுக்குப் போனால் கொழுந்தன்மேல் பழிபோடுகிறாள் என்பார்கள், அதற்குள் அவனுக்குத் தெரிந்துபோகும், அவன் தோளில்தான் குழந்தை தூங்குகிறது. நிச்சயமாகத் தெரிய வேண்டும், அதுவும் அவனுக்குத் தெரியாமல் தெரிய வேண்டும். மறுநாள் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்து, வழக்கத்தைவிட மூன்று பங்கு பவுடரை அதன் முதுகில் கொட்டி, வெள்ளையாகத் தடவினாள். பிளான்டிலிருந்து கிளமென்ட் வந்த சத்தம் கேட்டது. ஐஸ் தொட்டுவிட்டு வருகிறவன், அவன் கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.

"தம்பி, பிள்ளையை ஒரு நிமிசம் தூக்குங்க, அடுப்புல பால் பொங்குது!"

"வாடி என் ராசாத்தி" என்று அவன் தூக்கினான். நான்சி குளிரில் சிலிர்த்துக் கெக்கெக்கென்று சிரித்தது. பொங்காத பாலை ஃபிலோமி ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கட்டிலில் குப்புறப் போட்டாள்.

வெள்ளை முதுகில் ஒரு கை அப்படியே பதிந்திருந்தது. நூலை எடுத்தாள். கவையிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனிச்சதை வரைக்கும் ஒரு நூல். விரல் விரலாக நாலு நூல். சுண்டுவிரலின் சாய்வுக்கு ஒன்று, அதைப் பல்லால் கடித்து அறுத்தாள். குழந்தை திரும்பித் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அரிசி டின்னிலிருந்து எடுத்த பிடியில் ஒவ்வொரு நூலாக வைத்தாள். ஒவ்வொன்றும் தன் பள்ளத்தில் போய்ப் படுத்தது, மீதியும் இல்லை, குறையும் இல்லை.

மீதி எட்டு நாளும் அவள் அவனுக்குச் சோறு போட்டாள். "உடம்புக்கு முடியலையா மதினி?" என்று கேட்டபோது பல்வலி என்றாள். குழந்தையின் முதுகைப் பத்துத் தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். அந்த இடம் வெறுமனே குழந்தையின் முதுகாகத்தான் இருந்தது, ஆனாலும் கழுவினாள். இஞ்ஞாசியிடம் போய், குண்டு உறையை அரக்கு உடையாமல் அவர் கடைப்பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னாள். அவர் காரணம் கேட்கவில்லை. "பொருந்துன கை கிடைச்சிட்டோ?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையசைத்ததும், பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

வருசப் பூசை சனிக்கிழமை காலையில் நடந்தது. பூசை முடிந்து கல்லறையைப் புனித நீர் தெளித்து மந்திரித்த பிறகு, கோயில் வளாகத்து வாகைமர நிழலில் ஊர் கூடி நின்று டீயும் பன்னும் சாப்பிட்டது. கிளமென்ட் வெள்ளைச் சட்டையில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் டீ போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டத்துக்கு வெளியே, மதில் ஓரமாகச் செபத்தி நின்றாள்.

சலேத்து தொண்டையைச் செருமினார். "எல்லாரும் இருக்கும்போதே ஒரு நல்ல காரியத்தைச் சொல்லியிருதேன். நாளைக்கு முதல் பூசையில..."

"பெரியவரே, அதுக்கு முந்தி ஒரு காரியம் பாக்கி கிடக்கு" என்றாள் ஃபிலோமி. தோள்பையிலிருந்து பூப்போட்ட டவலை எடுத்துப் பிரித்து, பிஸ்டலை வலதுகையில் எடுத்தாள். "வருசப் பூசை முடிஞ்சிட்டு தம்பி. உங்க நேர்ச்சையும் முடிஞ்சிட்டு. ஒருக்கப் பிடிச்சிப் பாத்திருங்க. ஊர்ல எல்லாரும் பிடிச்சாச்சி, உங்க கை ஒண்ணுதான் மிச்சம்."

கிளமென்ட் சிரித்தான். "இங்கயா மதினி? அண்ணன் கல்லறைக்கு முன்னாலயா? வீட்டுக்குப் போயி..."

"எங்க வச்சிப் பிடிச்சா என்னலே?" என்றாள் எமல்டா, பன்னை மென்றுகொண்டே. "நான் சோத்துப் பானையும் கையுமா நின்னு பிடிச்சேன்."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒரு கெடுதலும் இல்லை, எல்லாருக்கும் அது பழகிப்போன சடங்கு, காப்பி மாதிரி.

"பிள்ளை கையில இருக்குல்லா" என்றான் கிளமென்ட்.

"பிள்ளையை எங்கிட்ட தாங்க."

அவன் தரவில்லை. சிரித்த முகத்தோடு அப்படியே நின்றான். குழந்தையின் முதுகில் இருந்த அவனுடைய விரல்கள் உள்நோக்கி இறுகுவதை, இரண்டடி தள்ளி நின்ற ஃபிலோமி பார்த்தாள். நான்சி சிணுங்கியது. அவளால் கத்த முடியவில்லை, ஒரு அடி முன்னால் எடுத்து வைக்கவும் முடியவில்லை. இடதுகையில் இருந்த டவல் கடற்காற்றில் அசைந்தது. குழந்தை திரும்பிப் பார்த்தது. தினமும் குளித்ததும் தன்னைச் சுற்றுகிற பூப்போட்ட டவல் அம்மா கையில் ஆடுவதைக் கண்டதும், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவன் தோளிலிருந்து முழு உடம்போடு அவள் பக்கம் பாய்ந்தது. ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தாயிடம் தாவுகிற பிள்ளையை இழுத்துப் பிடிக்க எந்தச் சித்தப்பனாலும் முடியாது. அவன் விரல்கள் விட்டன. ஃபிலோமி இடதுகையால் குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டாள்.

அவன் வலதுகை, குழந்தையைப் பிடித்திருந்த வளைவு மாறாமல், அந்தரத்தில் திறந்தபடி நின்றது. வலதுகையில் இருந்த பிஸ்டலின் பிடியை அவள் அந்த வளைவுக்குள் வைத்தாள்.

தாள் நுழைய இடமில்லாமல் பிடியின் முதுகு கவையில் உட்கார்ந்தது. ஆள்காட்டி விரல் விசையில் போய்ப் படிந்தது. கோணல் சுண்டுவிரல் தன் பள்ளத்தில் சாய்ந்து படுத்துக்கொண்டது. கிளமென்டின் கண்கள் மூடின, கை தானாக நீண்டது, ஒரு வருஷமாக இறுகிப் போயிருந்த அவன் முகம் தளர்ந்தது, அவன் வாயிலிருந்து அந்தப் பெருமூச்சு வந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டவனின் நீண்ட, சுகமான பெருமூச்சு. மதில் ஓரத்தில் நின்ற செபத்திக்கும் கேட்டது.

அவன் கண்ணைத் திறந்தபோது குறிமுள் பின்பள்ளத்துக்குள் நேராக நின்றது. அதன் முனைக்கு அப்பால் ரெமியின் கல்லறை இருந்தது, வேறு யாருமில்லை. டீ டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்க ஒரு அடி பின்வாங்கியிருந்தது. சலேத்துவும்தான்.